பழைய 26 இஞ்ச் டவுன்ஹில் சைக்கிள்: எதை மாத்தலாம், எதைத் தொடக் கூடாது?

பொதிகைச்சரிவு:
பாளையங்கோட்டையில மொட்டை மாடியில வருஷக்கணக்கா வெயில் மழையில கிடந்த, மலைச் சரிவுல இறக்கி ஓட்டுற ஃபுல் சஸ்பென்ஷன் டவுன்ஹில் சைக்கிள் ஒண்ணு கைக்கு வந்திருக்கு. ஸ்டிக்கர் பூரா உரிஞ்சுட்டு, என்ன மாடல்னு கண்டுபிடிக்க முடியல. அலுமினிய ஃபிரேம். அளந்ததைச் சொல்லுதேன்.

ஷாக் ஓட்டைக்கு ஓட்டை 222 மிமீ, அமுங்குற அளவு 70. ஸ்பிரிங்ல 550 x 2.75னு எழுதியிருக்கு. பின் சக்கரம் மொத்தம் 200 மிமீ ஏறுது. என் எடை ஹெல்மெட், பேடு எல்லாம் சேர்த்து 75 கிலோ. ஏறி உட்கார்ந்தா ஷாக் 14 மிமீதான் இறங்குது. முன்னாடி ராக்ஷாக்ஸ் கம்பெனி பாக்ஸர் ஃபோர்க், குழாய் 32 மிமீ, ஆக்ஸில் 20 மிமீ. ஹெட் டியூப் (ஃபோர்க் தண்டு நுழையுற ஃபிரேம் குழாய்) உள்விட்டம் 34 மிமீ. ஹேய்ஸ் டிஸ்க் பிரேக், லீவர் ஹேண்டில்பார் வரைக்கும் போகுது. பின் சக்கரத்தைப் பிடிச்சு ஆட்டினா பக்கவாட்டுல 5 மிமீ ஆட்டம்.

கேட்டுக்குப் பவுடர் கோட்டிங் அடிக்கிற பட்டறையில ஃபிரேமைக் கொடுத்துட்டு, அப்புறம் 27.5 சக்கரம், புது ஃபோர்க், 11 ஸ்பீடு போடலாம்னு யோசனை. சரியா வருமா அண்ணாச்சி?

பேரிங்பெட்டி:
தம்பி, முதல்ல அந்தப் பட்டறைக்குப் போறதை நிறுத்துங்க. கேட்டு இரும்பு, உங்க ஃபிரேம் அலுமினியம். பழைய பெயின்ட்டை உரிக்க காஸ்டிக் சோடாவுல முக்கினா பெயின்ட்டோட அலுமினியத்தையும் அரிச்சுரும். பேரிங் உட்கார்ற இடம் கொஞ்சம் பெருத்தாலே பேரிங் பிடிச்சு நிக்காது. பெயின்ட் கடைசி வேலை.

முதல் வேலை விரிசல் பார்க்கிறது. ஹெட் டியூபுக்குக் கீழே, மெயின் பிவட் (பின் பக்கம் மேலும் கீழும் அசையுற மூட்டு) வெல்டிங், ஷாக் மாட்டுற காது, பின் பிரேக் பக்கத்து குழாய், இந்த நாலு இடமும் முக்கியம். மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சு, சந்தேகப்படுற இடத்துல மட்டும் பெயின்ட்டைச் சுரண்டிட்டு டை பெனட்ரன்ட் அடிங்க. சிவப்பு அடிச்சு 10 நிமிஷம் விட்டுத் துடைச்சு, வெள்ளை டெவலப்பர் அடிச்சா விரிசல் முடி மாதிரி சிவப்புக் கோடா எழும்பி வரும். கூடங்குளம் பக்கம் வெல்டிங் சோதனை வேலைக்குப் போறவங்களுக்கு இது பழக்கம். விரிசல் இருந்தா, "ஆர்கான் வெல்டிங் வச்சுத் தாரேன்"னு யாராவது சொன்னாலும் கேட்காதீங்க. வெல்டிங் சூட்டுல சுத்தியுள்ள அலுமினியத்தோட டெம்பர் இறங்கிரும். மறுபடி ஹீட் ட்ரீட்மென்ட் செய்யாம அது பழைய பலத்துக்கு வராது.

அந்த 5 மிமீ ஆட்டம் பெரும்பாலும் பிவட் பேரிங்தான். இந்த பேரிங் முழுசா சுத்தாது, கொஞ்சம் கொஞ்சமா முன்னும் பின்னும் ஆடும். குண்டு ஒரே இடத்துல இடிச்சுப் பள்ளம் போடும், அதுக்கு மேல துரு. வெளி வளையத்துல நம்பர் இருக்கும். 6902னா 15 x 28 x 7, 6900னா 10 x 22 x 6. மோட்டார் பேரிங் கடையில 6201, 6202 உடனே கிடைக்கும். இந்த ஒல்லி சைஸைப் பெரும்பாலும் சொல்லித்தான் வாங்கணும். கூண்டு இல்லாம முழுக்கக் குண்டு நிரப்பின "மேக்ஸ்" ரகம் பிவட்டுக்கு நல்லது.

சுத்தியலால அடிச்சு ஏத்தக் கூடாது. ஒரு நீளத் திரெட் ராடு, ரெண்டு நட்டு, பேரிங் வெளி வளையத்துக்குச் சரியான சாக்கெட், இது போதும். பேரிங்கை ராத்திரி ஃப்ரீசர்ல வச்சிட்டு, ஃபிரேம்ல கொதிக்கிற தண்ணியை ஊத்தித் துடைச்சு உடனே ஏத்துங்க. உள் வளையத்தை அழுத்தி ஏத்தினா புது பேரிங் அப்பவே செத்துரும்.

சுருள்கம்பி:
14 மிமீன்னா 70-ல 20 சதம். டவுன்ஹில்லுக்கு 30 சதம் பக்கம் வேணும், அதாவது 21 மிமீ. ஸ்பிரிங் உங்க எடைக்கு ரொம்பக் கட்டி.

கணக்கு இதுதான். ஸ்பிரிங்ல முதல்ல வர்ற 550-ங்கிறது, அதை ஒரு அங்குலம் அமுக்க வேண்டிய பவுண்டு. 200-ஐ 70-ஆல வகுத்தா லீவரேஜ் 2.86, அதாவது ஷாக் ஒரு மிமீ அமுங்கினா சக்கரம் 2.86 மிமீ ஏறும். 75 கிலோவுல பின் சக்கரத்துக்கு 65 சதம்னு வச்சா 49 கிலோ. 2.86-ஆல பெருக்கினா ஷாக்ல 140 கிலோ, அதாவது சுமார் 308 பவுண்டு. 21 மிமீ-ங்கிறது 0.83 அங்குலம். 308-ஐ 0.83-ஆல வகுத்தா 371. 400 ஸ்பிரிங் போட்டா 28 சதம், 350 போட்டா 32 சதம் இறங்கும். குதிக்கிற ஆள்னா 400, இல்லைன்னா 350. பின்னால வர்ற 2.75, அதாவது ஸ்பிரிங் அமுங்குற அங்குலம், குறையக் கூடாது. குறைஞ்சா ஷாக் முழுசா அமுங்குறதுக்கு முன்ன கம்பியோட கம்பி முட்டிரும். உள்விட்டத்தையும் அளந்து வாங்குங்க, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிரீலோடு, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்குற வளையம், ரெண்டு சுத்துக்கு மேல தேவைப்பட்டா ஸ்பிரிங் தப்புன்னு அர்த்தம்.

ஷாக் உள்ளே நைட்ரஜன் பிரஷர்ல இருக்கும். அதை மட்டும் வீட்டுல திறக்காதீங்க.

பொதிகைச்சரிவு:
விரிசல் இல்லை. பேரிங் 6902 தான். ஆனா ஒரு பக்கம் கட்டை விரலாலயே உள்ளே போயிருது. ஃபோர்க் குழாய்ல முன்பக்கம் மிளகு மிளகா புள்ளி விழுந்திருக்கு. பைக் ஃபோர்க்குக்கு குரோம் போடுறவர்கிட்ட கொடுக்கவா?

பேரிங்பெட்டி:
விரலால போயும் ஆட்டம் இல்லைன்னா பச்சை ரிடெய்னிங் காம்பவுண்ட் (பேரிங் ஒட்டுற பசை) பிடிச்சுக்கிடும். ஆட்டம் தெரிஞ்சா லேத்துல புஷ் போடணும். டின் தகடு வெட்டிச் சொருகுற வேலை வேண்டாம்.

குரோம் வேண்டவே வேண்டாம். அது இரும்புக் குழாய்க்கு, உங்களுது அனோடைஸ் பண்ண அலுமினியம். நகத்துல தட்டுப்படுற புள்ளியில எபாக்ஸி வச்சு, காஞ்சதும் 2000 நம்பர் எமரித் தாளைத் தண்ணியில நனைச்சுத் தேய்ங்க. உங்க பாக்ஸர் மாதிரி ரெட்டை கிரவுன் ஃபோர்க்ல (ஹெட் டியூபுக்கு மேலயும் கீழயும் குழாயைப் பிடிக்கிற ரெண்டு கிளாம்ப் இருக்கிறது) இன்னொரு வசதி, கிரவுன் போல்ட்டைத் தளர்த்திக் குழாயையே திருப்பி, புள்ளியைப் பக்கவாட்டுக்குக் கொண்டு போயிரலாம். புஷ்ஷோட அழுத்தம் முன்னும் பின்னும்தான் அதிகம். திருப்புறப்ப பழைய உயரத்தை டேப் ஒட்டிக் குறிச்சு வைங்க. சீல், ஃபோம் ரிங், அடி போல்ட் வாஷர் எல்லாம் புதுசு. மோட்டார் சைக்கிளுக்கு வாங்கி மிஞ்சின 20 நம்பர் ஆயிலை டேம்பர்ல (ஃபோர்க் திரும்பி வர்ற வேகத்தைக் கட்டுப்படுத்துற பாகம்) ஊத்துனா ஃபோர்க் திரும்பி வர்றதுக்குள்ள அடுத்த கல்லு வந்துரும். 5 நம்பர் போடுங்க.

மேட்டுவண்டி:
27.5 வேண்டாம். ரிம் 559-லிருந்து 584 ஆகுது, ரெண்டு சக்கரமும் மாத்தினா வண்டி 12.5 மிமீ தூக்கும். அதை விட மோசம், ஃபோர்க் முழுசா அமுங்கும்போது டயர் கீழ் கிரவுன்ல முட்டிச் சக்கரம் அப்படியே நிக்கும். ஆள் முன்னாடி பறப்பார். மேக்ஸிஸ் மினியன் மாதிரி 26 x 2.5 டயர் இன்னும் வருது.

34 ஹெட் டியூபுல டேப்பர்டு ஸ்டியரர் (கீழே தடிச்சு மேலே ஒடுங்கின ஃபோர்க் தண்டு) போகாது. நேர் ஸ்டியரர் புது ரெட்டை கிரவுன் ஃபோர்க் உண்டு, ஆனா பெரிய சக்கரத்துக்கு. இருக்கிறதைச் சரி பண்றதுதான் லாபம்.

பிரேக்குல ஹேய்ஸுக்கு டாட் 4 பிரேக் ஃப்ளூயிட், கார் ஸ்பேர்ஸ் கடையில கிடைக்கும். அப்படியும் லீவர் நிக்கலைன்னா ஷிமானோ எம்டி520 நாலு பிஸ்டன் போடுங்க. அதுக்கு மினரல் ஆயில், ரெண்டையும் மாத்தி ஊத்தினா சீல் ஊதிரும். ஃபிரேம்ல பிரேக் ஓட்டை 51 மிமீ இடைவெளியா, 74-ஆன்னு பார்த்து அடாப்டர் வாங்குங்க.

11 ஸ்பீடு தாராளமா போடலாம். நம்ம ஊருல மேலே தூக்கிட்டுப் போக லிஃப்ட் கிடையாது, மிதிச்சுத்தான் ஏறணும். டியோர் எம்5100, 11-51 கேசட் (பின் சக்கரப் பல்சக்கர அடுக்கு) பழைய ஷிமானோ ஹப்புலயே உட்காரும். செயின் நீளத்தை ஸ்பிரிங்கைக் கழட்டி, ஷாக்கை முழுசா அமுக்கி வச்சு அளக்கணும். சும்மா நிறுத்தி வச்சு அளந்து வெட்டினா முதல் பள்ளத்துலயே பின்னாடி கியர் மாத்துற டீரெய்லர் பிஞ்சுரும்.

இன்னொண்ணு, மாஞ்சோலைப் பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாம அங்க இறக்கலாம்னு போகாதீங்க. ஓட்டிட்டு வந்து வாட்டர் சர்வீஸ்ல பிரஷர் பைப்பைப் பிவட்டுக்கு நேரா காட்டவும் கூடாது. பக்கெட்டும் துணியும் போதும்.