யார் பூனை என்று கேட்டேன்

வணக்கம். மொரோக்கோவில் வேலை பார்த்தவர்களும் சுற்றிப் பார்த்து வந்தவர்களும் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்று தெரியும். அந்த ஊர்த் தெருப் பூனைகளோடு உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்களேன். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் கணவருக்கு ஜோர்ஃப் லாஸ்ஃபரில் வேலை. பாஸ்பேட் பாறையிலிருந்து பாஸ்பாரிக் அமிலம் எடுக்கும் ஆலைகள் இருக்கும் துறைமுகம் அது. நம் ஊர் உரத் தொழிற்சாலைகளுக்கு அங்கிருந்து அமிலம் வருகிறது. அதனால் இந்தியக் குடும்பங்கள் சில அந்தப் பக்கம் உண்டு. நாங்கள் குடியிருந்தது பக்கத்தில் உள்ள எல் ஜதீதாவில். போர்த்துகீசியர் கட்டிய கோட்டை ஊர். 1769இல் அவர்கள் விட்டுப் போனார்கள், மதில் இன்னும் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 2004இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது.

போன முதல் வாரம் பாஷை தெரியாது, ஆள் தெரியாது. விரலால் காட்டி ஒரு கிலோ மத்தி வாங்கிக்கொண்டு வருகிறேன், பின்னால் மூன்று பூனைகள். ஓடவும் இல்லை, கத்தவும் இல்லை. கடைக்குப் போய்விட்டுத் திரும்பும் வீட்டு ஆட்கள் போல நடந்து வந்து என் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டன. ஒன்று செம்பட்டை நிறம், வயிறு பெருத்திருந்தது. எதிர் வீட்டுக் கதவில் ஒரு வயதான அம்மா நின்றுகொண்டிருந்தார். ஹஜ் போய் வந்தவர், அதனால் தெருவில் எல்லோருக்கும் அவர் ‘ஹாஜ்ஜா’. பூனையைக் காட்டி, ‘உங்களுடையதா?’ என்று சைகையில் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். மீன்காரருடையதா? அதுவும் இல்லை. அப்புறம் கையை விரித்துத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை காட்டி, ‘தியால் எல்-ஹூமா’ என்றார்.

ஹூமா என்றால் தெருவும் அக்கம்பக்கமும் அங்கே இருக்கிற மனிதர்களும் சேர்ந்த ஒன்று. ‘இந்த ஹூமாவைச் சேர்ந்தது’ என்று சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தையின் முழு அர்த்தம் புரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

ஏனென்றால் அது வெறும் பேச்சு இல்லை. மீன்காரர் மத்தியின் தலையையும் குடலையும் தனியே ஒதுக்கி, மதியத் தொழுகைக்குக் கிளம்பும் முன் ஒரே இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுவார். தெருமுனையில் ‘ஃபர்ரான்’ இருந்தது, அதாவது ஊர்ப் பொது அடுப்பு. பெண்கள் வீட்டில் மாவு பிசைந்து பலகையில் வைத்து அனுப்புவார்கள், அடுப்புக்காரர் சுட்டுக் கொடுப்பார். அந்த அடுப்படித் திண்ணைச் சூட்டில் குளிர்காலம் முழுக்க ஏழெட்டுப் பூனைகள் படுத்திருக்கும், அவர் தாண்டித் தாண்டித்தான் நடப்பார். அந்த ஊரில் ரொட்டியைக் குப்பையில் போட மாட்டார்கள். கீழே ஒரு துண்டு கிடந்தால்கூட எடுத்து ஓரமாக, மேலே வைப்பார்கள். ஹாஜ்ஜா பழைய ரொட்டியைப் பிய்த்து, மீன் வேகவைத்த தண்ணீரில் ஊறப்போட்டுக் கொண்டுவருவார். பாத்திரம் என்ன தெரியுமா, ஐந்து லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடிப்பாகம். மொரோக்கோவில் எந்த ஊருக்குப் போனாலும் வெட்டின பாட்டில் ஒன்று சுவரோரம் இருக்கும், பார்த்திருப்பீர்கள்.

செம்பட்டைப் பூனைக்கு நான் செவலை என்று பேர் வைத்தேன். ஹாஜ்ஜா ஹம்ரா என்று கூப்பிடுவார். இரண்டும் ஒரே பொருள் என்று மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. மீன்காரர் வைத்த பேர் வேறு, அடுப்புக்காரர் வைத்தது வேறு. நான்கு பேருக்கும் அது திரும்பிப் பார்க்கும்.

* * *

அக்கா, படித்ததும் எனக்கு ஃபெஸ் ஞாபகம் வந்துவிட்டது. நான் காயல்பட்டினம். தோல் வியாபாரம் சம்பந்தமாக இரண்டு முறை போயிருக்கிறேன். ஃபெஸ் பழைய நகரத்துக்குள் வண்டி போகாது, சந்துகள் அவ்வளவு குறுகல். சரக்கெல்லாம் கோவேறு கழுதை மேல்தான். ‘பாலக், பாலக்!’ என்று பின்னாலிருந்து சத்தம் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். நமக்குத்தான் அந்தப் பதற்றம். பூனைகள் கடைப்பலகைக்கு அடியில் ஒரு அடி நகர்ந்து, கழுதை போனதும் மறுபடி நடுச்சந்துக்கு வந்துவிடும்.

இறைச்சிக் கடைகளில் பார்த்தேன், காலையில் கடை திறக்கும்போதே பூனைகள் கீழே வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒன்றுகூட மேலே தாவவில்லை. கறி வெட்டுகிறவர் நுரையீரல், ஜவ்வு என்று ஏதாவது நறுக்கிப் போடுவார். ஒரு கிழட்டுப் பூனைக்குப் பல் இல்லை. அதற்கு மட்டும் பொடிப்பொடியாகக் கொத்தித் தனியே வைத்தார். கடையில் ஆள் நின்றுகொண்டிருக்க, அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் அடுத்தவருக்கு எடை போட்டார். நின்றவர்கள் யாரும் முணுமுணுக்கவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஒரு பள்ளிவாசலில் நான் உளூ, அதாவது தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவுவது, செய்து முடித்த நேரம், தண்ணீர் வாளியில் ஒரு பூனை வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது. அதே தண்ணீரில் அடுத்து வந்த பெரியவர் உளூ செய்தார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு நபித்தோழர் அபூ கதாதாவின் பேரைச் சொல்லிச் சிரித்தார். மொரோக்கோக்காரர்கள் மாலிகி மத்ஹபை, அதாவது இமாம் மாலிக் வழி வந்த சட்ட மரபைப் பின்பற்றுகிறவர்கள். இமாம் மாலிக்கின் ‘முவத்தா’ என்ற ஹதீஸ் தொகுப்பில் அந்தச் செய்தி வருகிறது. அபூ கதாதாவுக்கு அவருடைய மருமகள் கப்ஷா உளூவுக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கிறார். ஒரு பூனை வருகிறது. அது குடிக்க வாகாக அவர் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுக்கிறார். மருமகள் வியந்து பார்க்க, பூனை அசுத்தமானது அல்ல, அது உங்களைச் சுற்றிச் சுற்றி வருகிறவர்களில் ஒன்று என நபிகள் நாயகம் (ஸல்) சொன்னதை எடுத்துச் சொல்கிறார். சின்ன வயதில் மதரஸாவில் நானும் கேட்டதுதான். ஆனால் அந்தப் பெரியவர் ஈரக் கையோடு பூனையைத் தாண்டிப் போனதைப் பார்த்தபோதுதான் ‘சுற்றிச் சுற்றி வருகிறவர்கள்’ என்ற சொல் எனக்கு உள்ளே இறங்கியது. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியில் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸும் அங்கே எல்லோருக்கும் தெரியும். குழந்தை வாலைப் பிடித்து இழுத்தால் ‘மிஸ்கீனா, விடு’ என்று அதட்டுவார்கள். பாவம், ஏழை என்று பொருள். நம் ஊர் மிஸ்கீன்தான், அதே வார்த்தை.

* * *

என்னுடையது அவ்வளவு இதமான அனுபவம் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன், போகிறவர்களுக்குப் பயன்படும்.

2019 மார்ச், எஸ்ஸவீரா. அட்லாண்டிக் கரையில் எந்நேரமும் காற்றடிக்கும் ஊர். நீல நிற மீன்பிடிப் படகுகள், தலைக்கு மேல் கடற்காகங்கள், காலுக்குக் கீழ் பூனைகள். துறைமுகத்தில் ஒரு குட்டியின் பின்னங்காலில் நைலான் வலை நூல் இறுகிச் சதைக்குள் போயிருந்தது. யோசிக்காமல் தூக்கிவிட்டேன். வலியில் கட்டை விரலைக் கடித்துவிட்டது. இரண்டு புள்ளி, கொஞ்சம் ரத்தம். குட்டியின் மேல் தப்பே இல்லை.

தங்கியிருந்த இடத்தில் ‘சின்னப் பல்தானே, ஒன்றும் ஆகாது’ என்றார்கள். நானும் அதையே நம்ப ஆசைப்பட்டேன். ஆனால் கடித்த அந்த இடத்திலேயே ஒரு வயதான படகுக்காரர் என் கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப்போய், சோப்பு தேய்த்துக் கழுவச் சொல்லி, நிறுத்த நிறுத்த ‘இன்னும், இன்னும்’ என்று பக்கத்திலேயே நின்றிருந்தார். அவர் முகத்தில் இருந்த பயம்தான் என்னை மறுநாள் காலை தடுப்பூசி தேடிப் போக வைத்தது. மொரோக்கோவில் ரேபிஸ் இன்னும் ஒழியவில்லை. பெரும்பாலும் நாயிடமிருந்து வருகிறது, ஆனால் பூனையிடமிருந்தும் வரலாம். நோய் அறிகுறி வந்துவிட்டால் அநேகமாகப் பிழைக்க வழியில்லை. கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், உடனே ஊசிக்குப் போங்கள். மூன்று ஊசி அங்கே போட்டேன், மீதியைச் சென்னை வந்து போட்டுக்கொண்டேன்.

சரி, குட்டி? படகுக்காரர் தன் சட்டையால் அதை மூடிப் பிடித்து, மீன் அறுக்கும் கத்தி நுனியால் நூலை அறுத்து எடுத்தார். நான்கு நாள் கழித்துப் போனேன். கால் சூம்பித்தான் இருந்தது, ஆனால் வலைக் குவியலுக்குள் படுத்திருந்தது. அதற்கடுத்த வாரம் காணவில்லை. அவரிடம் கேட்டேன், பதில் சொல்லாமல் வானத்தைக் காட்டினார். அங்கே சாப்பாடு கிடைக்கும், மரியாதை கிடைக்கும். மருத்துவம் எல்லாப் பூனைக்கும் கிடைப்பதில்லை. கண்ணில் பீளை கட்டி, மூக்கு ஒழுகி, ஒட்டிப்போன குட்டிகளை நான் நிறையப் பார்த்தேன். படம் பிடிக்கும்போது அழகான பூனைகளைத்தான் தேடிப் பிடிக்கிறோம்.

* * *

ரபாத்தில் ஒரு மாதம் இருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். ஷெல்லா என்ற இடத்தில் ரோமானியர் காலத்து இடிபாடுகள், மரினிய சுல்தான்களின் கல்லறைகள், பாழடைந்த மினாராவின் உச்சியில் நாரைக் கூடுகள். அங்கே ஒரு குளத்தில் விலாங்கு மீன்கள் இருக்கின்றன. குழந்தை வேண்டி வரும் பெண்கள் அவற்றுக்கு அவித்த முட்டை போடுவார்கள். கரையில் பூனைகள் காத்திருந்து சிந்துகிற மஞ்சள் கருவைச் சாப்பிடும். ஒரு அம்மா வேண்டிக்கொண்டு முடித்ததும் கடைசி முட்டையைப் பூனைக்கென்றே உரித்து வைத்தார்.

கவலையான செய்தி ஒன்றும் உண்டு. 2025இல் மொரோக்கோ அரசு கொண்டுவந்த சட்ட முன்வடிவில் தெரு விலங்குகளுக்கு உணவிட்டால் அபராதம் என்று ஒரு பிரிவு இருந்தது. விலங்கு நல ஆர்வலர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2030 உலகக் கோப்பைக் கால்பந்தை ஸ்பெயின், போர்ச்சுகலோடு சேர்ந்து நடத்தப் போகிறார்கள், நகரங்களைத் துடைத்து வைக்கப் பார்க்கிறார்கள். வெட்டின பாட்டிலில் ரொட்டி ஊறவைக்கும் ஹாஜ்ஜாவுக்கு அபராதம் என்று நினைக்கவே மனசு கேட்கவில்லை.

* * *

எஸ்ஸவீராக் குட்டியைப் பற்றி எழுதிய தங்கைக்கு: நீங்கள் சொன்னது சரிதான். நான் எழுதாமல் விட்ட பகுதி அதுதான், இப்போது எழுதுகிறேன்.

செவலை நான் இருந்தபோது மூன்று முறை குட்டி போட்டது. மூன்றாவது ஈற்றில் நான்கு குட்டிகள், குளிர் மழையில் மூன்று போய்விட்டன. ஒவ்வொன்றையும் வாயில் கவ்விக்கொண்டு வந்து ஹாஜ்ஜா வீட்டு வாசலில் வைத்தது. அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. கருத்தடை செய்யலாம் என்றேன். ஹாஜ்ஜாவுக்குப் பிடிக்கவில்லை. படைத்தவன் கொடுத்ததை நாம் எப்படி வெட்டுவது என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு அம்மா கோபித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

மீன்காரர்தான் துணைக்கு வந்தார். மீன் கூடையில் செவலையைப் போட்டு மேலே பழைய ஜெல்லாபாவை (அந்த ஊர் நீள அங்கி) கட்டி மருத்துவரிடம் கொண்டுபோனோம். காது நுனியில் ஒரு சின்ன வெட்டு வைத்து அனுப்பினார், அறுவை முடிந்தது என்பதற்கு அடையாளம். பத்து நாள் எங்கள் சமையலறையில் வைத்திருந்தேன். அதன் வாழ்நாளில் ஒரு கூரையடியில் தொடர்ந்து இருந்தது அந்தப் பத்து நாள்தான். பத்தாம் நாள் கதவைத் திறந்ததும் நேரே அடுப்புத் திண்ணைக்குப் போய்விட்டது.

செலவு எவ்வளவு என்று யாராவது கேட்பீர்கள். மருத்துவர் 400 திர்ஹம் கேட்டார், நானே கொடுத்துவிட்டேன். அன்று சாயங்காலம் அடுப்புக்காரர் வந்து 100 வைத்தார், மீன்காரர் 100 வைத்தார். எவ்வளவோ மறுத்தேன். கடைசியில் கதவு தட்டிற்று, ஹாஜ்ஜா. பேசாமல் இருந்த இரண்டாவது நாள் அது. ஒரு கிண்ணத்தில் செவலைக்கு மீன் ரசம், இன்னொரு கையில் கைக்குட்டையில் முடிந்த 20 திர்ஹம். வேண்டாம் ஹாஜ்ஜா, உங்களுக்குப் பிடிக்காத வேலை இது என்று எனக்குத் தெரிந்த அரைகுறை தாரிஜாவில், அந்த ஊர்ப் பேச்சு அரபியில் சொன்னேன். முடிச்சை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார்.

‘தியால் எல்-ஹூமா’ என்றார். கிண்ணத்தோடு சமையலறைக்குள் போய் செவலை பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.