குண்டு விழுமுன் திரும்பிவிடும் நாள்

முரசுமோட்டையிலிருந்து:

போன ஆடியில் கனடாவிலிருந்து வந்து நின்ற மச்சாள், தன் மகளின் புத்தகம் ஒன்றை விட்டுவிட்டுப் போனார். ரான்சம் ரிக்ஸ் 2011இல் எழுதிய ‘மிஸ் பெரகிரின்ஸ் ஹோம் ஃபார் பெக்யூலியர் சில்ட்ரன்’. அட்டையில் கால் தரையில் படாமல் நிற்கும் ஒரு சிறுமி. பெடியள் வாசிக்கிற மாயக்கதை, எனக்கெதற்கு என்று அலுமாரியில் வைத்துவிட்டேன். மழைக்குக் கரண்ட் போன ஓர் இரவில்தான் எடுத்தேன். என் ஆங்கிலத்துக்கு முதல் ஐம்பது பக்கமும் அகராதியோடுதான் நகர்ந்தன.

வேல்ஸ் பக்கத்துத் தீவொன்றில் ஒரு வீடு. உள்ளங்கையில் நெருப்பு வரவழைக்கும் பெண், கண்ணுக்குத் தெரியாத பையன், ஈயச் சப்பாத்து போடாவிட்டால் மேலே மிதந்துவிடும் சின்னப்பிள்ளை. அவர்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மா பறவையாக மாறக்கூடியவர். 1940 செப்டம்பர் 3 இரவு அந்த வீட்டின்மேல் ஜெர்மன் குண்டு விழ வருகிறது. அந்த நேரம் பார்த்து அவர் நாளைத் திருப்பிவிடுவார். மறுபடியும் அதே செப்டம்பர் 3 விடியும்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு முற்றத்தில் போய் நின்றேன். எனக்கும் அப்படி ஒரு நாள் இருக்கிறது. 2008 மார்கழி, யுத்தத்தால் நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட முதல் நாள். அம்மம்மா அடுப்படியில் பயறு வறுத்துக்கொண்டிருந்தார். தம்பி தலையை நிமிர்த்தி “வண்டு வருது” என்றான். வேவு விமானத்தை அப்படித்தான் சொல்வோம். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஏழு வயதில் அவன் வருகிற போர் விமானம் கிபிரா மிக்கா என்று சத்தத்திலேயே பிரிப்பான். கதையில் வரும் பேரனுக்கும், போலந்திலிருந்து தப்பி வந்த அவன் தாத்தாவுக்கும் மற்றவர்கள் காணாத கொடிய உருவங்கள் தெரியும். அதை வாசிக்க வாசிக்கத் தம்பியின் முகம்தான் வந்தது.

அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியவை படங்கள். புத்தகம் முழுக்கப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். யாரும் வரைந்தவை அல்ல, சேகரிப்பாளர்களிடம் பெற்ற, பெயர் தெரியாத உண்மை மனிதர்களின் படங்கள். எங்கள் வீட்டு அல்பம் இரண்டும் யுத்தத்தின் கடைசிக் காலத்தில் மாத்தளன் கடற்கரை மணலில் போயின. அடையாள அட்டைகளோடு சொப்பிங் பையில் அம்மா சுற்றி வைத்திருந்த ஒன்றுதான் மிச்சம். அம்மம்மா கதிரையில் இருக்கிறார். தண்ணீர் ஊறி முகத்தின் ஒரு பக்கம் வெளிறிவிட்டது. சேலைக்கரையும் மடியில் இருக்கும் நானும்தான் தெளிவு. எங்கோ யாரோ முன்பின் தெரியாதவர்களின் படங்களைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள். எங்களுடையதையும் யாராவது எடுத்திருப்பார்களோ என்று இரண்டு நாளாக அதே நினைப்பு.

மாங்குளத்திலிருந்து:

அக்கா, நான் பள்ளிக்கூட நூலகம் பார்க்கிறேன். இந்தக் கதையை ஒன்பதாம் தரப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு பாடநேரம் சொன்னேன். எல்லோரும் யுத்தத்துக்குப் பிறகு பிறந்தவர்கள். அந்த நாளுக்குள் இருக்கும்வரை பிள்ளைகள் வளரவே மாட்டார்கள், வெளியே வந்து தங்கினால் விட்டுப்போன வயதெல்லாம் ஒன்றாக வந்து சேரும் என்றபோது வகுப்பே பேசாமல் இருந்தது. உங்களுக்கு என்ன சக்தி வேண்டும் என்று கேட்டேன். பறக்க, மறைய என்றுதான் பலர் சொன்னார்கள். ஒரு பிள்ளை மட்டும், “நாளைத் திருப்ப வேணும் மிஸ், அம்மாவுக்கு அப்பப்பாவை ஒருக்காக் காட்ட” என்றாள்.

வலைஞர்மடத்திலிருந்து:

முரசுமோட்டைத் தங்கச்சி, நான் அந்தப் புத்தகம் வாசிக்கவில்லை. என்னிடம் ஒரு அல்பம் இருக்கிறது. எங்களுடையது அல்ல. மீள்குடியேறி வந்தபோது வளவிலிருந்த பங்கருக்குள் பொலித்தீனில் சுற்றிக் கிடந்தது. எறிய மனம் வரவில்லை, சீலையில் சுற்றி வைத்திருக்கிறேன். கலியாணப் படங்கள்தான். பாதி ஒட்டிப்போய்விட்டன. மற்றவற்றில் முகங்கள் தெரிகின்றன. பொம்பிளையின் இடது கன்னத்தில் ஒரு மச்சம். பக்கத்தில் கதிரையில் ஒரு வயதான அம்மா இருக்கிறார். யாருடையது என்று தெரிந்தால் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.