சூத்திரம் தெரிகிறது, கணக்கு வரவில்லை: பத்தாம் வகுப்பு கன அளவுக் கணக்குகளை எப்படிச் சொல்லித் தருவது?

வியாசர்பாடி டியூஷன்:
வணக்கம். வியாசர்பாடியில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினோரு பேருக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். எல்லாரும் ஸ்டேட் போர்டு, அதில் ஏழு பேர் தமிழ் மீடியம். அளவியல் பாடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். உருளை, கூம்பு, கோளம், இடைக்கண்டம் என்று எந்தச் சூத்திரத்தைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். ஒரே ஸ்டெப்பில் முடிகிற 2 மதிப்பெண் கணக்கும் போட்டுவிடுகிறார்கள். மூன்று நான்கு ஸ்டெப் வந்தால் எல்லாம் கலைந்துபோகிறது.

போன வாரம் நானே ஒரு கணக்கு எழுதிக் கொடுத்தேன்: "1.4 மீ விட்டமும் 1.5 மீ உயரமும் கொண்ட, பாதியளவு நீர் நிரம்பியுள்ள ஓர் உருளை வடிவத் தொட்டியில், 2 செ.மீ உள்விட்டம் கொண்ட குழாயின் வழியே வினாடிக்கு 70 செ.மீ வேகத்தில் நீர் பாய்ந்தால், மீதமுள்ள பகுதி எத்தனை நிமிடங்களில் நிரம்பும்?"

விடை 87.5 நிமிடம். பதினோரு பேரில் இரண்டு பேருக்குத்தான் வந்தது. நான்கு பேர் தொட்டியின் கன அளவு 23,10,000 க.செ.மீ என்று சரியாகவே கண்டுபிடித்து, அடியில் இரண்டு கோடு போட்டு, அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்கள். மூன்று பேர் பாதி நிரம்பியிருப்பதை விட்டுவிட்டு 175 நிமிடம் என்று எழுதினார்கள். ஒருத்தி ஒன்றுமே எழுதவில்லை. ஒரு பையன் 2.31 கன மீட்டரை 100 ஆல் பெருக்கி 231 க.செ.மீ ஆக்கி, தொட்டி அரை வினாடியில் நிரம்பும் என்று எழுதியிருக்கிறான், அதில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. இதுதான் எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அவன் வீட்டில் தினமும் தண்ணீர் பிடிப்பதே அவன்தான்.

இன்னும் நிறையக் கணக்கு போட வைப்பதுதான் வழியா, இல்லை நான் சொல்லித் தருகிற முறையில் ஏதாவது தப்பா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

சாக்பீஸ்:
முப்பது வருஷம் வகுப்பில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். நிறையப் போட வைத்தால் இதே தப்பைத்தான் வேகமாகச் செய்வார்கள். அந்த நான்கு பேருக்குக் கணக்கு தெரியாமல் இல்லை, எங்கே போகிறோம் என்று தெரியாமல் கிளம்பிவிட்டார்கள். கேள்வியில் முதல் எண்ணைப் பார்த்ததும் கை எழுத ஆரம்பித்துவிடுகிறது.

நான் செய்வது இது. கேள்வியைப் படித்ததும் பேனாவைக் கீழே வைக்கச் சொல்வேன். பிறகு விடைத்தாளின் ஓரத்தில் கடைசி வரியை முதலில் எழுதச் சொல்வேன்: "விடை: ____ நிமிடம்." அலகு கண்டிப்பாக இருக்க வேண்டும். அங்கிருந்து பின்னால் நடப்போம். நிமிடம் வேண்டுமென்றால் என்ன தெரிய வேண்டும்? வினாடி. வினாடிக்கு? இன்னும் எவ்வளவு நீர் வேண்டும், ஒரு வினாடிக்கு எவ்வளவு வருகிறது, இந்த இரண்டும். முதலாவதுக்கு? தொட்டியின் கன அளவில் பாதி. இரண்டாவதுக்கு? குழாய். இவ்வளவையும் சொல்லில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகுதான் எண் பக்கம் போக வேண்டும். நான்கு வரிதான் ஆகும். ஓரத்தில் "நிமிடம்" என்று காத்திருக்கும்போது 23,10,000 க.செ.மீ-யில் யாரும் கோடு போட்டு நிறுத்த மாட்டார்கள்.

இன்னொன்று, உங்கள் கணக்கில் உண்மையிலேயே கஷ்டமான இடம் தொட்டி இல்லை, குழாய்தான். வினாடிக்கு 70 செ.மீ என்பது வேகம், அது எப்படிக் கன அளவாகிறது என்று பாதிப் பேருக்குப் புரிவதில்லை, மனப்பாடமாக "பரப்பு பெருக்கல் வேகம்" என்று எழுதுகிறார்கள். நான் குச்சி ஐஸைச் சொல்வேன். குழாய்க்குள் இருக்கிற தண்ணீர் அப்படியே உறைந்துவிட்டது என்று வைத்துக்கொள், ஒவ்வொரு வினாடியும் 70 செ.மீ நீளத்துக்கு ஒரு குச்சி ஐஸ் வெளியே வந்து தொட்டியில் விழுகிறது. அதன் ஆரம் 1 செ.மீ, உயரம் 70 செ.மீ, அதுவும் ஓர் உருளைதானே? கன அளவு 220 க.செ.மீ. சரி, தொட்டிக்குள் இன்னும் எத்தனை குச்சி ஐஸ் போடலாம்? 11,55,000-ஐ 220 ஆல் வகுத்தால் 5250. அத்தனை வினாடி. இது ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால் கால்வாய்க் கணக்கு, வயலுக்கு நீர் பாய்ச்சும் கணக்கு எல்லாமே ஒரே கணக்குதான்.

அந்த வெற்றுத்தாள் கொடுத்த பெண்ணிடம் சொல்லுங்கள், 5 மதிப்பெண் கணக்கில் ஸ்டெப்புக்கு ஸ்டெப் மதிப்பெண் உண்டு. சூத்திரம் எழுதி மதிப்பைப் பிரதியிட்டாலே கொஞ்சம் கிடைக்கும். எதையும் எழுதாமல் மட்டும் வரக் கூடாது.

தமிழம்மா:
நான் கணக்கு டீச்சர் இல்லை, தமிழ் நடத்துகிறவள். ஆனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "கொண்ட, நிரம்பியுள்ள, கொண்ட, பாய்ந்தால்" என்று ஒரே வாக்கியத்தில் எத்தனை எச்சம் பாருங்கள்! தமிழில் முற்று கடைசியில்தான் வரும், அதனால் "எத்தனை நிமிடங்களில் நிரம்பும்" என்று கேட்பதும் கடைசியில்தான் வருகிறது. பிள்ளை அதுவரை வருவதற்குள் முன்னால் வந்த நான்கு அளவுகளைச் சுமந்துகொண்டு நிற்க வேண்டும். பாதி நிரம்பியிருப்பது நடுவில் ஓர் அடைமொழியாக ஒளிந்திருக்கிறது, 175 என்று எழுதிய மூன்று பேரும் அதைத்தான் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

எங்கள் பள்ளிக் கணக்கு ஆசிரியரும் நானும் சேர்ந்து ஒரு பயிற்சி செய்தோம். கணக்கே போட வேண்டாம், கேள்வியை உடைத்து எழுது, அவ்வளவுதான். "ஒரு தொட்டி இருக்கிறது. அது உருளை. விட்டம் 1.4 மீ. உயரம் 1.5 மீ. அதில் பாதி நீர் இருக்கிறது. ஒரு குழாய் இருக்கிறது." இப்படி ஒரு வரிக்கு ஒரு செய்தி. வாரத்துக்கு ஐந்து கேள்வி, இருபது நிமிடம். "உருக்கி", "வார்த்து", "மூழ்கடிக்கப்பட்டு", "உள்ளீடற்ற" போன்ற சொற்களுக்கு என்ன நடக்கிறது என்று வாயால் சொல்ல வைத்தோம். "உள்ளீடற்ற உருளை" என்றால் குழாய் மாதிரி நடுவில் வெற்றாக இருப்பது என்று ஒருவனுக்குமே தெரியவில்லை! சூத்திரம் மட்டும் தெரிந்திருந்தது.

பெரம்பூர் அம்மா:
என் பெண்ணுக்கு "கோளத்தை உருக்கி உருளையாக்கினால்" கணக்கு எவ்வளவு சொல்லியும் ஏறவே இல்லை, கடைசியில் சமையலறையில்தான் ஏறியது. சப்பாத்தி மாவை 6 செ.மீ விட்டத்துக்கு ஓர் உருண்டையாகப் பிடித்தோம், வழக்கமான உருண்டையைவிடப் பெரியதுதான். அதையே பலகையில் 4 செ.மீ தடிமனுக்கு உருட்டினால் எவ்வளவு நீளம் வரும் என்று முதலில் கணக்குப் போடச் சொன்னேன். கோளம் 36π, உருளை 4π பெருக்கல் நீளம், ஆக 9 செ.மீ. பிறகு உருட்டி ஸ்கேலை வைத்தால் கிட்டத்தட்ட ஒன்பதேதான்! அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதே மாவை 24 செ.மீ அகலச் சப்பாத்தியாகத் தேய்த்தால் கனம் 0.25 செ.மீ. உருவம் மாறினாலும் மாவு அதேதான் என்பதை அதன்பிறகு நான் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

அந்த அரை வினாடிப் பையனுக்கு ஒன்று சொல்லலாம். ஒரு கன மீட்டர் என்றால் 1000 லிட்டர், 20 லிட்டர் தண்ணீர் கேனில் 50 கேன். 231 க.செ.மீ என்பது ஒரு டம்ளர். ஆளுயரத் தொட்டிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதுமா என்று கேளுங்கள், அவனே திருத்திக்கொள்வான்.

சாக்பீஸ்:
அம்மா சொன்னது ரொம்பச் சரி. மீட்டரை செ.மீ ஆக்க 100, சதுர மீட்டருக்கு 10,000, கன மீட்டருக்கு 10,00,000. நீளம், அகலம், உயரம் மூன்று பக்கமும் நூறு நூறாகப் பிரிகிறது என்று பெட்டி படம் போட்டுக் காட்ட வேண்டும். இதைவிடப் பாதுகாப்பான வழி, கன அளவு போடுவதற்கு முன்பே எல்லா நீளத்தையும் ஒரே அலகுக்கு மாற்றிவிடுவது.

பூந்தமல்லி வாசகன்:
டிசம்பர் மாதம் பேப்பரைக் கையில் கொடுத்துச் சொல்லித் தரலாம். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, உயரம் 24 அடி என்று மழைக்காலத்தில் தினமும் செய்தியில் வருகிறது. நான் என் தம்பிக்குக் கொடுத்த கணக்கு: ஏரியில் 3,000 மில்லியன் கன அடி இருக்கிறது, வினாடிக்கு 1,000 கன அடி வருகிறது, 250 கன அடி திறந்துவிடுகிறார்கள், எத்தனை நாளில் நிரம்பும்? நிகரமாக வருவது 750. ஒரு நாளைக்கு 86,400 வினாடி, ஆக நாளுக்கு 64.8 மில்லியன் கன அடி. வேண்டியது 645. கிட்டத்தட்ட 10 நாள். இதில் π கிடையாது, சூத்திரமும் கிடையாது, ஆனால் ஸ்டெப் நான்கு இருக்கிறது. சூத்திரத்தை எடுத்துவிட்டு ஸ்டெப்பை மட்டும் பழக்கினால் எங்கே தடுமாறுகிறார்கள் என்று தெளிவாகத் தெரியும். 2015 வெள்ளத்தில் எங்கள் பக்கம் எல்லாருக்கும் "கன அடி" என்ற வார்த்தை பழகிப்போனது, இந்தப் பிள்ளைகள் அப்போது சின்னக் குழந்தைகள்.

வியாசர்பாடி டியூஷன்:
எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சாக்பீஸ் சார் சொன்ன ஓர வரியையும், தமிழம்மா சொன்ன உடைத்து எழுதுவதையும் சேர்த்துச் செய்து பார்த்தேன். புதுக் கணக்குதான் கொடுத்தேன். ஏழு பேர் முடித்தார்கள், யாரும் நடுவில் நிறுத்தவில்லை. வெற்றுத்தாள் கொடுத்த பெண் திட்டத்தை முழுவதும் சொல்லில் எழுதியிருந்தாள், பெருக்கலில்தான் தப்பு. ஆனால் நேரம் ரொம்ப ஆகிறது, ஒரு கணக்குக்குப் பன்னிரண்டு நிமிடம். 3 மணி நேரத்தில் 5 மதிப்பெண் கேள்வியே 10 எழுத வேண்டுமே?

இன்னொரு சந்தேகம். அரைக்கோளத்தின் மேல் கூம்பு வைத்த பொம்மை போன்ற இணைந்த உருவங்களில் கன அளவைச் சரியாகக் கூட்டுகிறார்கள், புறப்பரப்பு கேட்டால் அங்கேயும் இரண்டு மொத்தப் பரப்பையும் கூட்டிவிடுகிறார்கள்.

சாக்பீஸ்:
நேரத்தைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள். முதல் மாதம் திட்டத்தை எழுத வேண்டும், அடுத்த மாதம் வாயால் சொன்னால் போதும், பரீட்சைக்குள் மனதுக்குள்ளேயே ஓடும். அப்புறம் π-க்கு 22/7 போடுவதைக் கடைசி வரை தள்ளச் சொல்லுங்கள், உங்கள் தொட்டிக் கணக்கில் மேலும் கீழும் π அடிபட்டு 35 பெருக்கல் 150 என்று ஒரே வரியில் 5250 வந்துவிடும்.

பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். கூம்பும் அரைக்கோளமும் ஒட்டியிருக்கிற வட்டத்தில் பிரஷ் போகாது, அதனால் இரண்டின் வளைபரப்பு மட்டும்தான். கன அளவு என்பது உள்ளே அடைத்திருக்கிற களிமண், அது ஒட்டினாலும் குறையாது. முடிந்தால் களிமண்ணில் ஒரு பொம்மையே செய்து, சுண்ணாம்பு பூசி, பிய்த்துக் காட்டுங்கள். வெள்ளை படாத வட்டம் இரண்டு பக்கமும் தெரியும்.

வியாசர்பாடி டியூஷன்:
சனிக்கிழமை செய்துவிடுகிறேன் சார். களிமண்ணுக்கு அந்த அரை வினாடிப் பையனையே அனுப்புகிறேன், நேற்று அவன் வீட்டுத் தொட்டியை அளந்து எத்தனை கேன் என்று தானாகவே கணக்குப் போட்டுக் கொண்டுவந்தான்.