8 கோர் இருந்தும் கடைசியில ஒன்றுதான் ஓடுது

குளக்கரை:
வணக்கம். வன்னிக் குளங்களின்ரை நீர்ப்பரப்பைச் செய்மதிப் படத்திலயிருந்து பிரிக்கிற பைதன் வேலை. 400 டைல் (படத்துண்டு), 8 கோர், 16 ஜிபி ராம். சாதாரண டைலுக்கு 6 செக்கன். இரணைமடுக் குளத்தின்ரை 30 டைலும் ஒவ்வொன்று 5 நிமிசம். வேலையைப் பல கோருக்குப் பிரிச்சுக் குடுக்கிற மல்டிபுரோசெசிங் பூல்.மேப்பில குடுத்தா 68 நிமிசம் எடுக்குது, கடைசி 20 நிமிசம் ஒரு கோர் மட்டும் ஓட மற்ற ஏழும் சும்மா நிக்குது. ஏன்?

பாலைமரம்:
மேப் வேலையை ஒவ்வொன்றாய்க் குடுக்காது, கட்டுக்கட்டாய்க் குடுக்கும். சங்க்சைஸ் (ஒரு கட்டில எத்தினை வேலை) நீங்கள் சொல்லாட்டில் மொத்தத்தை வேர்க்கர் (பூலில வேலை செய்யிற புரோசெஸ்) எண்ணிக்கையின்ரை நாலு மடங்கால பிரிக்கும்: 400 ÷ 32 = 12.5, ஆக 13. கோப்புகள் பெயர் வரிசையில நிக்கிறதால இரணைமடு முழுக்க மூன்று நாலு கட்டுக்குள்ள. ஒரு முழுக் கட்டு 13 × 5 = 65 நிமிசம். ஒரு கோர் எடுத்த கட்டை இன்னொன்று பங்குபோட ஏலாது.

அதே பூலின்ரை ஐமேப்_அன்ஆர்டர்டுக்கு (வரிசை பாராமல் முடிய முடிய விடை தாறது) மாத்துங்கோ, அதில சங்க்சைஸ் சொல்லாட்டில் 1. டைல் தரவை அனுப்பாமல் கோப்புப் பாதையை மட்டும் அனுப்புங்கோ. மொத்த வேலை 11,220 செக்கன், எட்டால பிரிச்சா 23.4 நிமிசம், அதுக்குக் கீழ போகாது. வேலை ஒவ்வொன்றும் மில்லிசெக்கன் கணக்கெண்டா மட்டும் கட்டு நல்லது.

பெரிசுகளை வரிசையில முன்னுக்கு விடுங்கோ. பெரிசு முதல் எண்ட ஒழுங்கு மிகச் சிறந்த அட்டவணையின்ரை 4/3 மடங்கைத் தாண்டாது எண்டு கணிதவியலாளர் கிரகாம் 1969 இல நிறுவினவர். உங்கட கணக்கில பெரிசு கடைசியா வந்தா 24.6 நிமிசம், ஆக ஒரு நிமிச லாபம்தான்.

முறிப்பு:
அந்த ஒரு நிமிசத்துக்காக ராமை மறந்திடாதேங்கோ! பெரிசு முன்னுக்கு வந்தா எட்டுப் பெரிய டைல் ஒரே நேரத்தில ராமில ஏறும். பழைய முறையில மூன்று நாலுதான் ஏறினது. எச்டாப்பில (ஓடுற புரோசெஸ்களைக் காட்டுற கருவி) ஒரு பெரிய டைலின்ரை ஆர்இஎஸ் (பிடிக்கிற ராம்) என்ன?

குளக்கரை:
2.1 ஜிபி.

முறிப்பு:
எட்டுக்கு 16.8. ராம் போதாமல் ஸ்வொப்புக்கு (டிஸ்க்குக்கு) போய் எல்லாம் இழுபடும். ரெண்டு பூல் ஒரே நேரத்தில ஓட்டுங்கோ: பெரிசுக்கு 6 வேர்க்கர், சின்னனுக்கு 2. பெரிசு 12.6 ஜிபியோட 5 சுற்று, 25 நிமிசம். சின்னன் பக்கத்தில 18.5 நிமிசத்தில முடிஞ்சிடும்.

பைதன்ரை கணக்கு நூலகமான நம்பைக்குள்ள இருக்கிற ஓபன்பிளாஸ் தானும் திரெட் (ஒரு புரோசெஸுக்குள்ள சமாந்தரமா ஓடுற இழை) திறக்கும், எட்டு வேர்க்கருக்கு 8 × 8 எண்டு 64 கூட வரலாம். ஓபன்பிளாஸ் திரெட் எண்ணிக்கைச் சூழல் மாறியை நம்பை இம்போர்ட்டுக்கு முதலே 1 ஆக்கவேணும். பிறகு வைச்சா எடுபடாது.