முதல் உலகப் போரில் இறந்த பெரிய தாத்தா: எங்கிருந்து தேடுவது?

கடைக்குட்டி:
வணக்கம். என் தாத்தாவின் அண்ணன் முதல் உலகப் போரில் இன்றைய ஈராக்கில், பஸ்ரா பக்கம் இறந்தார் என்பது மட்டும்தான் வீட்டில் தெரியும். கல்யாணம் ஆகவில்லை, இருபது வயதுகூட நிரம்பவில்லை என்பார் பாட்டி. போட்டோ கிடையாது. மிஞ்சியது ஒரு வட்டமான வெண்கலத் தகடும் ஒரு வெள்ளி மெடலும்தான். தகட்டில் சூலம் பிடித்த ஒரு பெண், பக்கத்தில் சிங்கம். பொங்கலுக்குப் பொங்கல் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்ததில் சிங்கத்துக்கு முகமே இல்லை. ஆங்கிலத்தில் அவர் பெயர் இருக்கிறது. பதவி, படைப்பிரிவு எதுவும் இல்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயரைப் போட்டால் பக்கம் பக்கமாக வருகிறது. இதில் அவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

செல்லாக்காசு:
தகடு, போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்குக் கொடுத்தது. இறந்தபின் எல்லாரும் சமம் என்று பதவியை வேண்டுமென்றே விட்டார்கள். அதை வைத்துக்கொண்டு நகர முடியாது. மெடலை எடுங்கள். ராஜா தலையை விடுங்கள், விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துச் சுற்றிப் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் பொறித்திருக்கும். தயவுசெய்து விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள்!

கடைக்குட்டி:
இருக்கிறது சார்! எண்ணில் ஒரு இலக்கம் 3-ஆ 8-ஆ தெரியவில்லை. அப்புறம் 'எஸ்.பி.ஆர்.', பெயர், '2 க்யூ.வி.ஓ. எஸ். & எம்.'

செல்லாக்காசு:
'எஸ்.பி.ஆர்.' என்றால் சாப்பர். மற்றது குயின் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், அதாவது பெங்களூரு மெட்ராஸ் சாப்பர்ஸ் படை. பாலம் கட்டுவது, பதுங்குகுழி வெட்டுவது, பாதை போடுவது இவர்கள் வேலை. சண்டை வந்தால் துப்பாக்கியும் தூக்க வேண்டும். இனி பெயரை விட்டு எண்ணால் தேடுங்கள். நம் பெயர்களை அன்றைய குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள், எண் அவ்வளவாக மாறாது. பஸ்ரா நினைவுச் சின்னத்தில் வருவார் என்று நினைக்கிறேன். கல்லறை தெரியாத 40,000 பேருக்கு மேல் அதில் நினைவுகூரப்படுகிறார்கள். ஆனால் சுவரில் பெயரைத் தேடாதீர்கள். இந்தியர்களில் அதிகாரிகள் பெயரை மட்டும்தான் பொறித்தார்கள். மற்றவர்கள் படைப்பிரிவுக்குக் கீழே வெறும் எண்ணிக்கை. பெயர்கள் பதிவேட்டில் உண்டு.

கடைக்குட்டி:
வீட்டுக்கு அனுப்பிய தகட்டில் போட்ட பெயரைச் சுவரில் போட மனசு வரவில்லையா?

ஆற்றுமணல்:
2021-ல் ஆணையமே இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நூறு வருஷம் கழித்து! சரி, விஷயத்துக்கு வருகிறேன். இறந்த தேதி கிடைத்ததும் லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் அவர் இருந்த கம்பெனியின் (படைக்குள் ஒரு சிறு பிரிவு) போர் நாட்குறிப்பைப் பாருங்கள். சிப்பாய்கள் பெயர் அபூர்வம்தான், ஆனால் அன்று எந்த ஆற்றங்கரையில் என்ன வேலை நடந்தது என்று தெரியும். குண்டடிபட்டுத்தான் இறந்தார் என்று முடிவுகட்டாதீர்கள். அங்கே நோயில் போனவர்களும் ஆயிரக்கணக்கில். 1917-ல் பாக்தாதைப் பிடித்த பிரிட்டிஷ் ஜெனரல் மாட் அதே வருஷம் காலராவில் இறந்தார்.

செல்லாக்காசு:
3, 8 இரண்டையும் போட்டுப் பாருங்கள். பதிவில் பல நேரம் அப்பா பெயரும் ஊரும் இருக்கும். பழைய பத்திரம் எதிலாவது கொள்ளுத் தாத்தா பெயர் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள்.