மூர்க்கத்தைத் தணிக்க மூளை அறுவை: யாருடைய நிம்மதிக்காக?

வேம்பு:
என் தம்பிக்கு வயது 26. பேச்சு வராது. இரண்டு முன்கைகளிலும் பழைய கடித் தழும்புகளின் மேலேயே புதிய காயங்கள் இருக்கின்றன. சுவரில் மோதி மோதித் தலைக்கவசத்தின் உட்பஞ்சு நைந்துபோவதால் அதை அடிக்கடி மாற்றுகிறோம். ரிஸ்பெரிடோன், வால்புரோயேட், குளோசபின் என மருந்துகளை வரிசையாகக் கொடுத்துப் பார்த்தாயிற்று. பயம், கோபம் போன்ற உணர்ச்சிகளில் பங்குள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதியில் சிறு இடத்தைச் சுட்டு அழிக்கும் அறுவை கடைசி வழியாக இருக்கலாம் என்று ஒரு மருத்துவர் சொன்னார். இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று தள்ளிவிடுகிறவர்கள், இப்போது அவன் படும் பாட்டுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கல்தூண்:
உங்கள் வேதனையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இந்த அறுவையின் கடந்தகாலத்தைப் பார்க்காமல் அதை எடைபோட முடியாது. 1935-இல் மூளையின் முன்மடல் நரம்பிழைகளைத் துண்டிக்கும் அறுவையை லிஸ்பனில் தொடங்கிய எகாஸ் மோனிஸுக்கு 1949-இல் நோபல் பரிசே கிடைத்தது. அமெரிக்காவில் வால்டர் ஃப்ரீமன் கண்குழி வழியாகக் கருவியைச் செலுத்தி அதை ஒரு சில நிமிட வேலையாக்கினார். அதைவிட நுட்பமானதென்று சொல்லப்பட்ட அமிக்டலா அறுவையை, ஜப்பானில் நரபயாஷி அதைப் பற்றி 1963-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின், சென்னையில் மூளை அறுவை மருத்துவர்களான பாலசுப்ரமணியமும் ராமமூர்த்தியும் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் செய்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. அந்த மருத்துவர்கள் பலனை அளந்த விதத்தைக் கவனியுங்கள்: மருந்தின்றிப் பிறரோடு பழகக்கூடியவர் முதல் தரம், அடங்கிப்போய் எப்போதாவது மட்டும் வெடிப்பவர் இரண்டாம் தரம். அந்த மனிதருக்கு எது பிடித்தது, அது அறுவைக்குப் பிறகும் பிடித்ததா என்ற கேள்விக்கு அந்த அளவுகோலில் இடமே இல்லை. அடங்கிப்போவது குணமாவதாகாது.

மழைக்காகம்:
சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1973-இல் மிச்சிகனில், அடைத்துவைக்கப்பட்டிருந்த ஒருவருக்கு இத்தகைய அறுவை செய்யத் திட்டமிட்டபோது, அடைபட்டிருப்பவர் தரும் சம்மதம் உண்மையான சம்மதமாகாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியே விளங்கிக்கொண்டு தரும் சம்மதமும் உரிய வாரியத்தின் ஒப்புதலும் இருந்தால்தான் மனநோய்க்கு மூளை அறுவை செய்யலாம் என்கிறது. உங்கள் தம்பியால் அந்தச் சம்மதத்தைத் தர முடியுமா?

வேம்பு:
முடியாது. அதனால்தான் இந்தச் சட்டம் எனக்கு விசித்திரமாகத் தெரிகிறது. ‘சரி’ என்று சொல்லத் தெரிந்தவனைக் காப்பாற்றுகிற அதே விதி, சொல்லத் தெரியாதவனைக் கைவிட்டுவிடுகிறது. அவனுக்கு வலிப்பு நோய் இருந்து, அதன் தோற்றுவாய் நெற்றிப்பொட்டு மடலில் என்று தெரிந்திருந்தால், அமிக்டலாவோடு சேர்த்து அந்தப் பகுதியையே காப்பாளரின் கையொப்பத்தோடு அகற்றியிருப்பார்கள். அதே மூளையில் அதே இடந்தானே?

கல்தூண்:
இடம் ஒன்றுதான், சான்று ஒன்றல்ல. வலிப்பில் மூளையின் மின்பதிவு பெரும்பாலும் தோற்றுவாயைக் காட்டும், பலருக்கு ஸ்கேனில் தழும்பும் தெரியும். மூர்க்கத்துக்கு அப்படி ஓர் ஊற்று கிடையாது. பயம், வலி, சலிப்பு, தூக்கமின்மை எல்லாமே கடியாக வெளிவரலாம். சிறப்புப் பள்ளியில் நான் பணியாற்றியபோது, தாடையில் தானே ஓங்கி ஓங்கிக் குத்திக்கொள்ளும் இளைஞர் ஒருவர் இருந்தார். மருந்தின் அளவு இரண்டு முறை கூட்டப்பட்ட பிறகுதான், ஈறுக்குள் புதைந்திருந்த கடைவாய்ப் பல் சீழ் பிடித்திருந்தது தெரிந்தது. பல்லை எடுத்த மறுவாரமே குத்துவது நின்றது. அவருக்கு அமிக்டலாவைச் சுட்டிருந்தாலும் குத்துவது நின்றிருக்கக்கூடும். சீழ் மட்டும் உள்ளேயே இருந்திருக்கும்.

வேம்பு:
மயக்க மருந்து கொடுத்துப் பல், காது, வயிறு எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. இருந்தாலும் நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை.

மழைக்காகம்:
அழிக்காமல், மூளைக்குள் மின்முனை பதித்துத் தூண்டும் வழியும் இருக்கிறது. மிலானில் ஃபிரான்சினி என்ற மருத்துவரின் குழு, ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதியின் பின்பக்கத்தில் இதைச் செய்திருக்கிறது. பிடிக்கவில்லையென்றால் கருவியை நிறுத்திவிடலாம் என்பது பெரிய வேறுபாடு.

வேம்பு:
அந்தக் கருவிக்காக மார்புத் தோலுக்கடியில் வைக்கும் மின்கலத்தை அவன் பிய்த்துவிடுவானே என்ற பயம் எனக்கு. சுட்டு அழிப்பதில் அந்தத் தொல்லை இல்லை; திரும்பி வரும் வழியும் இல்லை.

கல்தூண்:
ஒன்று கேட்கிறேன். எது நடந்தால் அறுவை தோற்றது என்பீர்கள் என்று முன்கூட்டியே எழுதிவைப்பீர்களா? கடி நின்றது என்பது உங்களுக்கான வெற்றி. அவருக்கான அளவுகோல் எது?

வேம்பு:
வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடிவந்து, குனிந்து பார்த்துச் சிரிப்பான். அது போய்விட்டால் தோல்வி. இதை எழுதி மருத்துவரிடம் கொடுத்துவிட்டு, அவர் அதற்கு என்ன சொல்கிறார் என்று கேட்ட பிறகுதான் மேற்கொண்டு முடிவெடுப்பேன்.