பழைய காரில் தொழிற்சாலை அலாரம் உண்டா என்பதை எப்படி உறுதி செய்தீர்கள்?

ஹாரோ, லண்டன்:

2002ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் (ஈ46 என்ற தலைமுறை) ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கிக் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தபோது, அதில் அலாரம் உண்டா, உண்டென்றால் அது தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டதா என்று கேட்டிருந்தார்கள். விற்றவரிடம் கையேடு இல்லை. அலாரம் பற்றி அவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. எனவே வண்டியிடமே விடை தேட வேண்டியிருந்தது.

முதலில் பிரித்தறிய வேண்டியவை இம்மொபைலைசரும் அலாரமும். இம்மொபைலைசர், சாவிக்குள் இருக்கும் சிப்பை அடையாளம் காணாதவரை எஞ்சினை இயங்க விடாது. ஆனால் ஒருவர் கண்ணாடியை உடைத்து இருக்கையில் உள்ள பையை எடுத்துச் சென்றால் அது எந்தச் சத்தமும் எழுப்பாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 அக்டோபர் முதல் புதிய பயணிகள் கார்களுக்கு இம்மொபைலைசர் கட்டாயமாக்கப்பட்டதால், 2002ஆம் ஆண்டு வண்டியில் அது இருப்பதில் வியப்பில்லை. இங்கே வாகனப் பாதுகாப்புச் சாதனங்களைச் சோதித்துத் தரம் பிரிக்கும் தாட்சம் நிறுவனத்தின் தரப்பிரிவிலும் இந்த வேறுபாடு உண்டு: முதல் பிரிவு என்றால் அலாரமும் இம்மொபைலைசரும் சேர்ந்தது, இரண்டாம் பிரிவு என்றால் இம்மொபைலைசர் மட்டும். விற்பனை விளம்பரங்களில் பலர் இரண்டையும் ஒன்றாகவே எழுதிவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது, ஏனெனில் அதை நம்பி வாங்குபவர் காப்பீட்டுப் படிவத்தில் தவறான பதிலை எழுதிவிடக்கூடும்.

வண்டியைப் பூட்டியதும் உட்புறக் கண்ணாடியின் அடியில் சிவப்பு விளக்கு மின்னியது. அது நல்ல அறிகுறிதான், ஆனால் போதுமான சான்று அன்று. மின்னும் விளக்கை மட்டும் தனியாக விற்கிறார்கள். பானெட்டைத் திறந்து பார்த்தபோது அதன் விளிம்பு அமரும் இடத்தில் அழுத்து சுவிட்ச் ஒன்று இருந்தது. அதுவும் சான்றுக்கு வலுச் சேர்த்தது. ஐயத்தை முழுவதும் நீக்கியது வாகன அடையாள எண்தான். அதன் கடைசி ஏழு எழுத்துகளைக் கொண்டு, அந்த வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது அதில் இருந்த வசதிகளின் பட்டியலைப் பெற முடிகிறது. அதில் 302 என்ற குறியீடு இருந்தால் அலாரம் உண்டு. என் பட்டியலில் அது இருந்தது.

பட்டியலில் இருப்பது இன்றும் வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை இறக்கி, வெளியே நின்று ரிமோட்டால் பூட்டி, ஒரு நிமிடம்போலக் காத்திருந்து, பின் கையை உள்ளே நீட்டி அசைத்தேன். உள்ளே அசைவை உணரும் சென்சார் இருப்பதால் சைரன் உடனே ஒலித்தது. பல கார்களில் உள்பக்கக் கைப்பிடியை இழுத்துக் கதவைத் திறந்து சோதிக்கச் சொல்வார்கள். ஆனால் இங்கு விற்ற பி.எம்.டபிள்யூ வண்டிகள் வெளியிலிருந்து பூட்டினால் இரட்டைப் பூட்டு விழுந்து, உள் கைப்பிடியும் செயல்படாது. மேலும், பூட்டும் பொத்தானை இருமுறை அழுத்தினால் உள் அசைவு, சாய்வு சென்சார்கள் அணைந்துவிடும். எனவே ஒருமுறை மட்டும் அழுத்திச் சோதியுங்கள்.

பிராம்ப்டன், கனடா:

எங்கள் வீட்டில் 2000ஆம் ஆண்டு செவ்ரலே கவாலியர் இருந்தது. டாஷ்போர்டில் 'செக்யூரிட்டி' என்ற எழுத்து ஒளிர்வதைப் பார்த்து, அலாரம் இருப்பதாக உறவினர்கள் பலரும் சொன்னார்கள். அது பாஸ்லாக் என்ற திருட்டுத் தடுப்பு அமைப்பின் விளக்கு. சாவித் துவாரத்தின் சமிக்ஞை சரியில்லையெனில் எரிபொருளை நிறுத்திவிடும், ஹாரனை ஒலிக்காது. செவ்ரலேயைத் தயாரிக்கும் ஜி.எம். (ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டிகளில், வசதிகளைக் குறிக்கும் மூன்றெழுத்துக் குறியீடுகள் அச்சிட்ட ஒட்டி ஒன்று கிளவ் பாக்ஸிலோ ட்ரங்கிலோ இருக்கும், அதில் யு.ஏ.6 இருந்தால்தான் அலாரம். ஒட்டி கிழிந்திருந்தால் டீலரிடம் வாகன எண்ணைக் கொடுத்துக் கேட்கலாம். கனடாவில் புதிய கார்களுக்கு இம்மொபைலைசரே 2007 செப்டம்பரில்தான் கட்டாயமானது. ஆகவே அதற்கு முந்தைய வண்டிகளில் ஆண்டை வைத்து எதையும் ஊகிக்க இயலாது.

கோயம்புத்தூர்:

நம் ஊர்ப் பழைய கார்களில் கேள்வி சற்று வேறு விதமாக எழுகிறது. நான் பார்த்த பழைய மாருதி ஸ்விஃப்டில் ஐ-கேட்ஸ் இருந்தது, அதுவும் இம்மொபைலைசரே. ரிமோட்டும் சைரனும் பிறகு வெளியே பொருத்தப்பட்டிருந்தன. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள மூடியைக் கழற்றிய ஆட்டோ எலக்ட்ரீஷியன், கறுப்பு டேப் சுற்றி ஒட்டுப்போட்ட வயர்களைக் காட்டினார். தொழிற்சாலை வயரிங் என்றால் இடையில் ஒட்டு இருக்காது, தனக்கேற்ற சாக்கெட்டில் போய் முடியும். சாவியிலிருந்து தனியாகத் தொங்கும் ரிமோட், பேட்டரி அருகே திருகியிருக்கும் கறுப்புச் சைரன், டாஷ்போர்டின் அடியில் மறைத்து வைத்த சிறு சுவிட்ச் ஆகியவை எல்லாம் பின்னால் வந்தவை என்பதற்கு அடையாளங்கள்.

ஹாரோ, லண்டன்:

கோவை நண்பர் சைரனைக் குறிப்பிட்டதால் ஒன்றைச் சேர்க்கிறேன். ஈ46 வண்டியின் சைரனுக்குள் தனி பேட்டரி உண்டு; அலாரம் இயங்கும் நிலையில் வண்டியின் பேட்டரி வயரைக் கழற்றினாலும் அது ஒலிக்கும். ஆண்டுகள் கடந்தால் இத்தகைய உள் பேட்டரி கசிந்து மின்பலகையை அரித்துவிடுவதுண்டு. பழைய வால்வோ கார்களில் இது நன்கு அறியப்பட்ட குறை. பட்டியலில் குறியீடு இருந்தும் சத்தம் வரவில்லையென்றால், அலாரம் இல்லை என்று முடிவு செய்யுமுன் சைரனைத் திறந்து பாருங்கள்.